பெயர் கொடுத்த கோரை

நான் குடியிருக்கும் கொண்டோமினியத்தின் நுழைவாயிலில் ஒரு சிமெண்ட் குளம் உண்டு. நாலைந்து கோய் மீன்கள், ஒரு மூலையில் ஆளுயரத்துக்கு வளர்ந்த ஒரு செடிக் கூட்டம். இலை என்று எதுவும் கண்ணில் படாது. பச்சைக் குச்சிகள், ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் நூல்நூலாகப் பிரிந்து தொங்கும் ஒரு குஞ்சம், அவ்வளவுதான். போன வருடம் என்னைப் பார்க்க வந்த அம்மா அதன் தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது கோரைடா. தண்டு முக்கோணமா இருக்கு பாரு" என்றார். அலங்காரச் செடியைப் போய்க் கோரை என்கிறாரே என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. அது பாப்பிரஸ். கோரைக்கிழங்கும் பாய் முடைகிற கோரையும் எந்தப் பேரினமோ, அதே சைபரஸ் பேரினம்.

காலையில் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறோம். அந்தப் 'பேப்பர்' இந்தச் செடியின் பெயரிலிருந்து வந்த சொல். இன்று வெப்பநாடுகளின் பூங்காக் குளங்களிலும் ஹோட்டல் முகப்புகளிலும் இது சர்வ சாதாரணம். ஆனால், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அரசும் கோயிலும் வணிகனும் இதன்மேல் எழுதிக்கொண்டிருந்த எகிப்தில், தானாக வளரும் பாப்பிரஸைப் பார்ப்பது மிக அரிது. இடையில் பல காலம் அது அங்கே முற்றாக அழிந்துவிட்டது என்றே தாவரவியலாளர்கள் நினைத்தார்கள். ஒரு செடி உலகமெல்லாம் பரவி, சொந்த ஊரில் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? இந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

முதலில் செடி. சேற்றுக்குள் கிடையாக ஓடும் கிழங்கு போன்ற தண்டிலிருந்து இதன் குச்சிகள் எழும்பும். நல்ல சதுப்பில் நாலைந்து மீட்டர்கூட வளரும். பச்சைத் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைச் சோறு. அதை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக நறுக்கி, ஒன்றையொன்று ஒட்டி அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு வைத்துத் தட்டி, அழுத்தி, உலர்த்தினால் எழுதும் தாள் தயார். தாள்களை வரிசையாக ஒட்டினால் சுருள். எகிப்தியர்களுக்கு இது எழுதும் பொருள் மட்டுமல்ல. படகு கட்டினார்கள், கயிறு திரித்தார்கள், பாய் முடைந்தார்கள், தண்டின் அடிப்பகுதியைத் தின்றார்கள். கர்னாக் கோயிலின் பெருந்தூண்கள் பாப்பிரஸ் தண்டின் வடிவில் செதுக்கப்பட்டவை. அவர்களுடைய சித்திர எழுத்தில் பாப்பிரஸ் தண்டைக் குறிக்கும் ஒரு குறியே பச்சை நிறத்தையும் புதுமையையும் குறித்தது. 'பச்சை' என்ற ஒரே சொல்லில் நிறத்தையும் வாடாத தன்மையையும் சொல்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல.

சக்காராவில் ஹெமாகா என்ற அதிகாரியின் கல்லறையில் எழுதப்படாத ஒரு பாப்பிரஸ் சுருள் கிடைத்தது. வயது ஏறக்குறைய 5000 ஆண்டுகள். எழுத்துள்ளவற்றில் மிகப் பழையவை 2013இல் செங்கடல் கரையோரம் வாடி அல்-ஜர்ஃபில் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழுவுக்குக் கிடைத்தன. கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு கட்டப்பட்ட காலத்தவை. அதில் இருப்பது கவிதையோ மந்திரமோ அல்ல. மெரர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துரா குவாரியிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன தினக்குறிப்பு. இன்று ஏற்றினோம், இன்று போய்ச் சேர்ந்தோம், இன்று இங்கே தங்கினோம். நம்ம ஊர் லோரி டிரைவர் வைத்திருக்கும் லாக் புக் மாதிரி. இலக்கியம் படிக்கிற நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது பிடித்தே இருந்தது.

இந்தத் தாளில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. 1985இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் ஒரு பக்கத்தில் முசிறியின் பெயர் வரும் கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மாபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. கங்கைப் பகுதி நறுமணப் பொருள் 60 பெட்டி, யானைத் தந்தம் என்று பட்டியல் போகிறது. முசிறியையும் யவனக் கப்பல்களையும் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம். அதே வணிகத்தின் கணக்குப் புள்ளி நைல் நதிச் சேற்றில் வளர்ந்த ஒரு கோரையின்மேல் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓலை நம் மழையிலும் கரையானிலும் போய்விட்டது. பாப்பிரஸ் எகிப்தின் வறண்ட மணலில் தங்கிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை சுருள்களுக்கும் வேண்டிய பாப்பிரஸ் யாரும் பார்க்காத காட்டில் சும்மா வளர்ந்ததல்ல. ரோமர் காலத்தில் டெல்டாவின் சதுப்புகள் குத்தகைக்கு விடப்பட்டன. அகஸ்டஸ் காலத்தில் எழுதிய ஸ்ட்ராபோ, வருமானத்தைக் கூட்டுவதற்காகச் சிலர் பல இடங்களில் பாப்பிரஸை வளரவிடுவதில்லை என்றும், தட்டுப்பாட்டால் விலை ஏறியது என்றும் குறிப்பிடுகிறார். டைபீரியஸ் ஆட்சியில் ஒருமுறை பாப்பிரஸ் பஞ்சம் வந்து, தாளைப் பங்கிட்டுத் தர ரோமானிய செனட் ஆட்களை நியமிக்க வேண்டியிருந்தது என்று பிளினி எழுதுகிறார். அதாவது, அந்தச் சதுப்புக்கு ஒரு விலை இருந்தது. விலை இருந்ததால் அதை யாரோ ஒருவர் ஈரமாகவே வைத்திருந்தார். பாப்பிரஸின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு காகிதம் வந்தது. சீனத்தில் பிறந்த தொழில் 8ஆம் நூற்றாண்டில் சமர்கந்துக்கும் பாக்தாதுக்கும் வந்து, அங்கிருந்து மேற்கே நகர்ந்தது. கந்தல் துணியிலிருந்து எங்கே வேண்டுமானாலும் செய்யக்கூடிய காகிதத்தோடு, ஒரே நதியின் சேற்றை நம்பியிருந்த தாள் போட்டி போட முடியவில்லை. 10ஆம் நூற்றாண்டில் எகிப்திலேயே காகிதம் பாப்பிரஸை ஓரங்கட்டிவிட்டது. ரோமில் போப்பின் அலுவலகம் மட்டும் பழக்கத்தை விடமாட்டாமல் 11ஆம் நூற்றாண்டுவரை பாப்பிரஸில் ஆணை எழுதிக்கொண்டிருந்தது.

எழுத்தாளன் கைவிட்டால் செடி ஏன் சாக வேண்டும்? பனையைப் பாருங்கள். ஓலையில் எழுதுவது நின்று நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது, பனை நிற்கிறது. ஆனால் பனை நிற்பது வேறு யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத மேட்டிலும் வரப்பிலும். பாப்பிரஸ் நிற்பது எல்லோருக்கும் வேண்டிய இடத்தில், நதியோரத்து ஈர வண்டலில். தாள் விலைபோகாத நாளிலிருந்து அந்தச் சதுப்பு வெறும் வீணான நிலம். வடித்து உழுதால் கோதுமை, கரும்பு, பின்னாளில் பருத்தி. பழங்காலத்தில் ஏழு கிளையாகப் பிரிந்து கடலில் கலந்ததாகச் சொல்லப்படும் நைல் இன்று இரண்டு கிளையாக ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் முகமது அலி காலந்தொட்டு வெட்டப்பட்ட பாசனக் கால்வாய்கள், 1902இல் அஸ்வான் அணை, 1970இல் அஸ்வான் உயர் அணை. வருடாவருடம் ஊரையே நனைத்த வெள்ளம் நின்றது. யாரும் பாப்பிரஸை அழிக்கத் திட்டம் போடவில்லை. அதற்கு நிற்க இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

தாள் செய்யும் வித்தையும் கூடவே மறந்துபோனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிசிலியின் சிராக்கூசாவில் சவேரியோ லண்டோலினா என்பவர், பிளினியின் வர்ணனையை வைத்துக்கொண்டு சியானே ஆற்றோரம் வளர்ந்த பாப்பிரஸில் தாள் செய்து பார்த்தார். அந்த ஆற்றோரம் 1984இல் சட்டப்படி காப்பகமானது. எகிப்தில் இந்த வேலை நடக்க 1960கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹசன் ரகப் ஒரு பொறியாளர், 1956இல் சீனாவுக்கு எகிப்தின் தூதராகப் போனவர். அங்கே கையால் காகிதம் செய்வதைப் பார்த்த அவருக்கு, நம் நாட்டுத் தாளை நாம் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. ஊருக்குத் திரும்பித் தேடினால் செய்வதற்குச் செடி இல்லை. சூடானிலிருந்து கொண்டுவந்து நட்டு, பல வருடம் சோதித்து, 1968இல் கெய்ரோவில் பாப்பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதே 1968இல் வேறொன்றும் நடந்தது. கெய்ரோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் நபீல் எல்-ஹதீதி, டெல்டாவுக்கு மேற்கே பாலைவனப் பள்ளமான வாடி நட்ரூனில் ஓர் ஏரியோரம் தானாக வளர்ந்து நின்ற பாப்பிரஸைக் கண்டார். ஒரு சின்னக் கூட்டம். மம்மி பதப்படுத்த உப்பு எடுத்த பள்ளம் அது. உப்பு ஏரிகள் நிறைந்த அந்த இடத்தில் இப்படியொரு செடி மறைந்து பிழைத்திருந்தது. பிறகு 2000ஆம் ஆண்டை ஒட்டி, நைலின் டமியெட்டா கிளையின் கரையிலும் பாப்பிரஸ் மீண்டும் கண்டறியப்பட்டது.

ஒரே வருடத்தில் ஒரே செடிக்கு இரண்டு மறுபிறப்பு. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ரகப் காப்பாற்றியது ஒரு தொழிலை. அது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். 1970களிலிருந்து ஷர்கியா மாநிலத்தின் அல்-கராமூஸ் கிராமத்தில் குடும்பம் குடும்பமாக வயலில் பாப்பிரஸ் பயிரிட்டு, தாள் செய்து, அதன்மேல் ஓவியம் தீட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய கதைதான் இங்கேயும். செடி மறுபடி சந்தையை நம்பி நிற்கிறது. 2011 கிளர்ச்சிக்குப் பின் சுற்றுலா சரிந்தது, பிறகு கோவிட் வந்தது, வாங்க ஆளில்லை. கடைத்தெருவில் வாழை இலையில் செய்த போலித் தாள் வேறு. விலை இறங்கினால் வயலில் வேறு பயிர் ஏறும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் அதுதானே நடந்தது?

வாடி நட்ரூன் கூட்டத்துக்குச் சந்தை கிடையாது. அதை யாரும் நடவில்லை, யாரும் விற்கவில்லை. அதற்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்க வேண்டும்.

'அதுதான் வயலிலும் குளத்திலும் ஏராளமா இருக்கே, அப்புறம் எதுக்குக் கவலை' என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. பதிலை எகிப்தில் பார்க்க முடியாது, அங்கே எல்லாம் நடந்து முடிந்து நாளாகிவிட்டது. கிட்டத்தட்ட நம் தாத்தா பாட்டி காலத்தில், எல்லோரும் பார்க்க நடந்த ஓர் இடம் உண்டு. யோர்தான் நதி பாயும் ஹுலா பள்ளத்தாக்கு. பாப்பிரஸ் இயற்கையாக வளரும் இடங்களின் வட எல்லை அது. அங்கே கவாரினா என்று அழைக்கப்பட்ட அரபு மக்கள் பாப்பிரஸில் பாய் முடைந்து, அந்தப் பாயாலேயே குடிசை கட்டி வாழ்ந்தார்கள். 1948 போரில் அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1951இல் இஸ்ரேல் ஏரியையும் சதுப்பையும் வடிக்கத் தொடங்கி 1958இல் முடித்தது. மலேரியா ஒழியும், விளைநிலம் கிடைக்கும் என்பது கணக்கு.

கிடைத்த நிலம் என்ன மாதிரி நிலம் என்பதைத்தான் யாரும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. சதுப்பில் செத்து விழும் பாப்பிரஸ் முழுதாக மக்குவதில்லை. நீருக்கடியில் காற்று படாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேரும். மலாயில் 'தானா காம்புட்' என்கிறோமே, அந்த மாதிரி மண். தண்ணீரை வடித்ததும் அந்த மண் காற்றோடு சேர்ந்து சிதைந்தது. நிலம் தாழ்ந்தது, புழுதி பறந்தது, தரைக்கடியில் தீப்பிடித்தது. மண்ணிலிருந்து கரைந்த நைட்ரேட் கீழே குடிநீர் தரும் கலிலேயா ஏரிக்கு ஓடியது. நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2015இல் பள்ளிகளை மூடி, முகமூடி போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் நாம் மூச்சுவிட்ட புகைமூட்டத்தில் பெரும்பங்கு சுமத்ராவிலும் கலிமந்தானிலும் இப்படி வடிக்கப்பட்ட மண் எரிந்த புகை. செடி வேறு, நாடு வேறு, மண்ணின் கணக்கு ஒன்றுதான்.

ஹுலாவில் ஒரு சிறு பகுதியை மட்டும் வடிக்காமல் விடச் சொல்லி இயற்கை ஆர்வலர்கள் போராடினார்கள். 1964இல் அது அந்நாட்டின் முதல் இயற்கைக் காப்பகமானது. 1994இல் விவசாயமும் சரிவராத ஒரு பகுதியில் மறுபடி தண்ணீரை விட்டார்கள். கொக்குகள் வந்தன, பாப்பிரஸும் நிற்கிறது. பாய் முடைந்தவர்கள் திரும்பவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல் ஹுலாவை வெற்றிக் கதையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

பாப்பிரஸ் இன்றும் கண்ணுக்கெட்டாத தூரம்வரை நிற்கும் இடம் நைலின் மேல்பகுதியில், தென் சூடானில் இருக்கிறது. பெயர் சுட். அரபியில் தடை என்று அர்த்தம். நீரோ மன்னன் நைலின் மூலத்தைத் தேடி அனுப்பிய ஆட்கள் கடக்க முடியாத சதுப்பு ஒன்றைக் கண்டு திரும்பியதாக செனெக்கா எழுதியிருக்கிறார். அது இந்தச் சுட்டாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே நுழையும் வெள்ளை நைல் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி ஆவியாகிவிடுகிறது. கீழே தண்ணீருக்காகக் காத்திருப்பவர்களின் கண்ணுக்கு அது வீண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் பொறியாளர்கள் சதுப்பைச் சுற்றிப்போக ஒரு கால்வாய் வெட்ட நினைத்தார்கள். 1978இல் எகிப்தும் சூடானும் சேர்ந்து அதைத் தொடங்கின. ஜோங்லே கால்வாய், திட்டமிட்ட நீளம் 360 கிலோமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வெட்டியாகிவிட்டது. பிறகு உள்நாட்டுப் போர் வெடித்தது, கிளர்ச்சிப் படை தாக்கியது, 1984இல் வேலை நின்றது. அந்தப் படையின் தலைவர் ஜான் கராங் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அமெரிக்காவில் இதே ஜோங்லே திட்டத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதியிருந்தார் என்பது வரலாற்றின் ஒரு விசித்திரம்.

எகிப்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மழையில்லாத நாடு, பத்துக் கோடிக்கு மேல் மக்கள், ஒரே நதி. அவர்களுக்குத் தண்ணீர்க் கவலை இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் சுட்டில் மீன் பிடிப்பவர்களுக்கும், கோடையில் மாடு ஓட்டிவரும் டிங்கா, நுவேர் மக்களுக்கும் அந்தத் தண்ணீர் வீணல்ல. தன் பாப்பிரஸை இழந்த நாட்டின் தாகம், உலகின் மிகப்பெரிய பாப்பிரஸ் சதுப்புகளில் ஒன்றின் தண்ணீரைக் கேட்கிறது. 2006இல் சுட் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் 2022இல் கால்வாய்ப் பேச்சு மறுபடி கிளம்பி, தென் சூடானில் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. பட்டியலில் இருப்பது மட்டும் ஒரு சதுப்பைக் காப்பாற்றிவிடாது.

எங்கள் குளத்துப் பாப்பிரஸைத் தோட்டக்காரர் போன மாதம் அடியோடு வெட்டினார். இரண்டு வாரத்தில் மறுபடி தளிர் விட்டுவிட்டது. செடி என்ற அளவில் அதற்கு ஒரு குறையும் இல்லை, உலகக் கணக்கில் அது அழியும் பட்டியலிலும் இல்லை. ஆனால் அதன் அடியில் இருப்பது சிமெண்ட். சேறு இல்லை, பல்லாயிரம் ஆண்டு மண் இல்லை, மீன் குஞ்சு ஒதுங்க வேரில்லை, அதை அறுத்துப் பாய் முடைகிறவர் யாரும் இல்லை. செடியைக் குளத்தில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். சதுப்பை அப்படி எடுத்து வைக்க முடியாது.

ஜோங்லேயில் கால்வாய் தோண்டிய ராட்சத இயந்திரம் வேலை நின்ற இடத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. படம் பார்த்தேன். சுற்றிலும் புல் வளர்ந்து, அதன் இரும்புச் சக்கரம் பாதி மூடியிருக்கிறது. அது இன்னும் ரொம்ப காலம் அங்கேயே கிடக்கட்டும்.